சிறுவர் நாடகமும் சபையோரும்

சிறுவர்க்கு நாடகம் எழுதுதல் எளிதென்று கருதுவார் பலர். வேடிக்கையான உடை, விழுந்தெழும் கோமாளி, இடையிடையே இரண்டொரு பாட்டு, இவை அமைந்தால் நாடகம் அமைந்துவிட்டதென்பது அவர் எண்ணம். இதனோடு இப்பொழுது வேறொன்றுஞ் சேர்ந்துகொண்டது. நடிகன் மேடையின் முன்விளிம்புக்கு வந்து, "பிள்ளைகளே, நான் யார் தெரியுமா?" என்று கேட்பான், சபையிலுள்ள பிள்ளைகள் ஒருமிக்கக் கூவுவர். அவ்வளவில், சபையோர் நாடகத்திற் பங்குகொண்டனர் என்று ஆசிரியர் மனநிறைவு எய்துவார். அங்கு நிகழ்ந்தது கூச்சலேயன்றிப் பங்குகொள்ளல் அன்று. பிள்ளைகள் வாய்திறவாதிருப்பினும் அந்நாடகம் அவ்வாறே நடந்து முடிந்திருக்கும்.

சபையோரை நோக்கிய வினா நாடகத்தினுள் வேர்கொள்ளுமாறு எங்ஙனம் என்பதற்கு, ஜே. எம். பரி இயற்றிய 'பீற்றர் பான்' என்னும் ஆங்கில நாடகம் தக்க சான்றாகும். 1904 டிசெம்பர் 27ஆந் திகதி இலண்டன் டியூக் ஒவ் யோர்க்ஸ் அரங்கில் முதன்முதல் மேடையேறிய இந்நாடகத்தின் நான்காம் அங்கத்தில், ரிங்கர் பெல் என்னும் தேவதை நஞ்சுண்டு இறக்குந் தறுவாயை அடைகின்றாள். அவளை மேடையில் உருவமாக ஒருவருங் காண்பதில்லை. அசைந்து திரியும் ஓர் ஒளிப்பொட்டும் மணியோசையுமே அவள். அவ்வொளி மங்குகின்றது. பீற்றர் சபையை நோக்கித் திரும்பி, தேவதைகள் உண்டென்று நம்புவோரைக் கைகொட்டுமாறு வேண்டுகின்றான். கையொலி எழுகின்றது, ஒளி மீள்கின்றது.

இக்காட்சியைப் புகழ்ந்தோர் பலர். ஆயினும் இதன் வெற்றிக்கு வித்து முதலாம் அங்கத்திலேயே இடப்பட்டுவிட்டது. அங்கே மைக்கேல் என்னுஞ் சிறுவன் மருந்து குடிக்க மறுக்கின்றான். தாம் சிறுவயதில் முணுமுணுப்பின்றி மருந்துண்டதாகத் தந்தையார் டார்லிங் பெருமை பேசுகின்றார். மகள் வென்டி அவருடைய மருந்தையுங் கொணர்ந்து வைத்துவிடவே அகப்பட்டுக்கொள்கின்றார். இருவரும் ஒரே வேளையிற் குடிப்பதென்று முடிவாகின்றது. மகன் குடித்துவிடுகின்றான், தந்தையோ தமது மருந்தை முதுகின்பின் மறைத்துக்கொள்கின்றார். பின்னர், பிள்ளைகளைப் பேணும் நாயாகிய நானாவின் பாத்திரத்தில் அதனை ஊற்றிப் பாலென்று கூறி ஏமாற்றுகின்றார். பெரியவர் ஒருவர் பொய்யுரைத்துக் கையுங் களவுமாக அகப்படுதலைக் காண்பதினும் பெரிய வேடிக்கை சிறுவர்க்கு வேறு யாதுளது? நகை பிறத்தற்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்கள் நான்கனுள் இளமையும் ஒன்று. இங்கு நகைக்கு இடமாவது மைக்கேலின் இளமையன்று, அவன் தந்தையின் இளமை!

நான்காம் அங்கத்தில் மருந்து மீண்டும் வருகின்றது. வென்டிக்கு அளித்த வாக்கின்படி பீற்றர் குடிக்கவேண்டிய மருந்து அது. கடற்கொள்ளைத் தலைவன் ஹூக் அதில் நஞ்சு கலப்பதைச் சபை காண்கின்றது. உறங்கிக்கிடக்கும் பீற்றர் அறியான். முன்னர் நகை விளைத்த பொருள் இப்பொழுது அச்சம் விளைக்கின்றது. பீற்றரைக் காக்கும்பொருட்டு ரிங்கர் பெல் அதனைத் தானே அருந்திவிடுகின்றாள். சபையிலிருக்குஞ் சிறுவன், மேடையிலுள்ளோன் அறியாததைத் தான் அறிந்தும் சொல்லமாட்டாது தவித்திருந்தவன். அத்தவிப்பின் முடிவிலேதான் வினா வருகின்றது. கேட்டு முடிக்குமுன்னரே அவன் கைகள் எழுந்துவிடுகின்றன. தந்தை மருந்தை மறைத்தபோது அவனைச் சிரிக்கவைத்ததும், இப்பொழுது கைகொட்டவைப்பதும் மேடையிலுள்ளோர் அறியாததை அறிந்திருத்தல் என்னும் அந்நிலையே. கடிகாரத்தை விழுங்கிய முதலையின் 'டிக் டிக்' ஒலியும் இவ்வகையினதே. ஐந்தாம் அங்கத்தில் அவ்வொலி கேட்டு ஹூக் நடுங்குகின்றான். வந்தது முதலையன்று, பீற்றரே என்பதைக் கண்ட சபை நகைக்கின்றது.

எனினும், கைகொட்டுங் காட்சி குறைபாடற்றதன்று. கைகொட்டாதாரும், சீறி இகழ்வாருஞ் சபையில் இருப்பரென்பதை, 1928இல் நூலாக வெளிவந்த நாடகத்தின் மேடைக்குறிப்பிற் பரியே ஒப்புக்கொள்கின்றார். ஆனால் அவர்களுக்கு அந்நாடகத்தில் மறுமொழி இல்லை. யார் சீறினும் தேவதை பிழைத்தேயாவாள். முதலிரவிற் சபை வாளாவிருந்துவிடுமோவென்று அஞ்சிய பரி, கைகொட்டுமாறு வாத்தியக் குழுவினரிடஞ் சொல்லிவைத்திருந்தார் என்பர். அவ்வேற்பாடு வேண்டப்படவில்லை, எழுந்த கையொலி கேட்டுப் பீற்றராக நடித்த நீனா பூசிக்கோ கண்ணீர் விட்டார் என்றுங் கூறுவர். ஆசிரியரின் அச்சம் நியாயமானதே. 'இல்லை' என்னும் விடைக்கு ஒரு வரியேனும் எழுதிவையாதது நியாயமன்று.

இத்தனைக்கும், எதிர்பாராத விடைக்கு வரி எழுத அவர் அறியாதவரல்லர். நாடகத்திற் பறக்குங் காட்சியைக் கண்ட பிள்ளைகள் வீடு சென்று கட்டிலிலிருந்து பறக்க முயன்று காயமுற்றனர். பெற்றோர் வேண்டவே, தேவதைத் துகள் தூவப்பட்டாலன்றி ஒருவரும் பறத்தல் இயலாது என்னுஞ் செய்தியைப் பரி நாடகத்திற் சேர்த்தார். நூலின் காணிக்கையுரையில் இதனை அவரே நகைபடக் கூறியுள்ளார். வீட்டில் எழுந்த விடைக்கு வழிசெய்தவர், அரங்கில் எழக்கூடிய விடைக்குச் செய்திலர்.

நடிப்போருஞ் சிறுவராகிய பாடசாலை மேடையில் இக்குறை பெரிதாகின்றது. முதல் மேடையேற்றத்திற் பீற்றராகவும் வென்டியாகவும் நடித்த நீனா பூசிக்கோவும் ஹில்டா திரெவெலியனும் வளர்ந்த, தேர்ந்த நடிகைகள். வினாவிய பின் எழும் மௌனத்தைத் தாங்க அவர்களால் இயலும். பன்னிரண்டு வயது மாணவனுக்கு அம்மௌனம் பெருந்துன்பம். பின்வரிசைக் குறும்பன் ஒருவன் "இல்லை!" என்று கத்திவிட்டாலோ, அவன் அடுத்த வரியையும் மறந்து, திரைக்குப்பின் நிற்கும் ஆசிரியரையே திரும்பிப் பார்ப்பான். அப்பிழை அவனுடையதன்று, நாடகத்தை எழுதியவருடையது.

இதற்கு வழி ஈழத்து நாட்டுக்கூத்திலேயே உண்டு. கூத்திற் கட்டியகாரன் அரசன் வரவைக் கூறுபவன். அரசனையே கேலிசெய்யும் உரிமையும் பெற்றவன். சிறுவர் நாடகத்தில் வினாவுவோன் அருகே அவன்போன்ற ஒருவனை நிறுத்துதல் வேண்டும். வினாவுவோன் எதை நம்புமாறு வேண்டுகின்றானோ, அதை அவன் மறுத்து நிற்கட்டும். சபை 'இல்லை' என்றால், "பார்த்தீரா, நான் சொன்னேனே!" என்று அவன் துள்ளிக் குதிப்பான். அத்துள்ளலைப் பொறாத ஏனைய பிள்ளைகள் 'ஆம்' என்று கூவுவர். சபை பேசாதிருந்தால், "எல்லாரும் உறங்கிவிட்டார்கள்" என்று அவன் தானும் படுத்துக் குறட்டைவிடுவான். வினாவியவன் அவனைத் தட்டியெழுப்பும் நேரத்தில், தான் மறந்த வரியை நினைவுகூர்ந்துவிடலாம்.