ரூல்ஃபோவின் தந்தைகள்: ஸ்பானிய விளிகளும் தமிழ் மொழியாக்கமும்

ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட லத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. இந்த இடைவழியில் இழக்கப்பட்டவற்றுள் முக்கியமானது, முன்னிலையில் உள்ளவரை விளிக்கும் முறை. ஸ்பானியத்தில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. தமிழிலும் உண்டு. நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லை. மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ரூல்ஃபோவின் (1917–1986) கதைகளில் இந்த வேறுபாடு வெறும் மரியாதைச் சொல் அல்ல. சில இடங்களில் கதையே அதன்மீதுதான் நிற்கிறது.

பின்னணி

தமிழில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் குறித்த ஆர்வம் 1980-களின் சிற்றிதழ்களில் வலுப்பெற்றது. 1982-ல் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் நோபல் பரிசு பெற்றது அதற்கு ஒரு காரணம். 'மீட்சி' இதழை நடத்திய பிரம்மராஜன் போர்ஹெஸின் கதைகளைத் தமிழாக்கினார். கோணங்கியின் 'கல்குதிரை' மார்க்வெஸுக்குச் சிறப்பிதழ் வெளியிட்டது. தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985) தமிழில் மாய யதார்த்த நாவலின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. ரூல்ஃபோவின் 'பெட்ரோ பராமோ' நாவல் எஸ். பாலச்சந்திரனின் மொழியாக்கத்தில் வெளிவந்தது. மார்க்வெஸின் பெருநாவல் சுகுமாரன், ஞாலன் சுப்பிரமணியன் இருவரின் மொழியாக்கத்தில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்ற பெயரில் காலச்சுவடு வெளியீடாக 2013-ல் வந்தது.

இந்த வரவில் கர்நாடக எல்லையை ஒட்டிய பகுதிக்குத் தனி இடம் உண்டு. பிரம்மராஜன் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியது தருமபுரியில். கிருஷ்ணகிரி 2004 வரை அந்த மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. தமிழவன் பெங்களூரில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், பின்னர் கிருஷ்ணகிரிக்கு அடுத்திருக்கும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். தமிழவனின் இயற்பெயர் கார்லோஸ் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

அன்றைய விவாதங்கள் பெரும்பாலும் 'மாய யதார்த்தம்' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தன. விண்ணேகும் பெண்ணும் ஓயாத மழையும் தமிழ் வாசகரைக் கவர்ந்த அளவுக்கு, அந்த ஊர்களில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைத்துப் பேசினார்கள் என்பது கவனம் பெறவில்லை. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அது கண்ணில் படவும் வழியில்லை.

தூ, உஸ்தெத்

ஸ்பானியத்தில் நெருக்கமானவரை, இளையவரை அழைக்கும் சொல் 'தூ'. (தமிழ்க் காதுக்கு இது துப்பும் ஒலியாகக் கேட்பது தற்செயல்.) மூத்தவரை, அந்நியரை அழைக்கும் சொல் 'உஸ்தெத்'. இது 'தங்கள் கருணை' என்று பொருள்படும் பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து உருவானது. தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் வினைமுற்றே விளியைக் காட்டிவிடும். 'வா', 'வாருங்கள்' என்பதில் தனியாக எழுவாய் தேவையில்லை.

ஆங்கிலத்தில் எழுதுபவர் இந்தக் கேள்வியைச் சந்திக்காமலே நூறு பக்கம் கடந்துவிடலாம். தமிழில் எழுதுபவரால் ஒரு வரியைக்கூடக் கடக்க முடியாது. ஒவ்வொரு வினைமுற்றிலும் அவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மூலத்தில் விடை இருக்கிறது. அவர் கையில் உள்ள ஆங்கிலப் பிரதியில் அது அழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவர் ஊகிக்கிறார். ஊகம் பெரும்பாலும் தமிழ்க் குடும்ப வழக்கத்தை ஒட்டியே அமையும். தந்தை மகனை 'நீ' என்பார், மகன் தந்தையை 'நீங்கள்' என்பான், மனைவி கணவனை 'நீங்கள்' என்பாள். நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் இதனால் பெரிய கேடில்லை. மீதியுள்ள இடங்கள்தான் ரூல்ஃபோவில் முக்கியமானவை.

மகனைத் தூக்கிச் செல்லும் தந்தை

ரூல்ஃபோவின் ஒரே சிறுகதைத் தொகுதி 1953-ல் வந்தது. அதிலுள்ள 'நோ ஓயெஸ் லத்ரார் லோஸ் பெர்ரோஸ்' சில பக்கங்களே கொண்ட கதை. நாய்கள் குரைப்பது உனக்குக் கேட்கவில்லை என்பது தலைப்பின் நேர்ப்பொருள். இரவில், நிலவொளியில், ஒரு கிழவர் காயம்பட்ட தன் வளர்ந்த மகனைத் தோளில் சுமந்துகொண்டு தொனாயா என்ற ஊருக்கு நடக்கிறார். அங்கே மருத்துவர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகனின் உடல் அவர் காதுகளை மூடியிருப்பதால் அவருக்கு எதுவும் கேட்பதில்லை. நாய்கள் குரைத்தால் ஊர் அருகில் என்று பொருள். கேட்கிறதா, விளக்கு தெரிகிறதா என்று மகனிடம் கேட்டுக்கொண்டே நடக்கிறார். மகன் இக்னாசியோ வழிப்பறிக்காரன், கொலைகாரன். தனக்கு ஞானஸ்நானம் செய்வித்த குடும்ப நண்பரைக் கொன்றதிலும் அவனுக்குப் பங்குண்டு.

தொடக்கத்தில் தந்தை மகனை 'நீ' என்கிறார். வழி நீள்கிறது. மகனின் குற்றங்களைச் சொல்லத் தொடங்கும்போது அவர் பேச்சு 'நீங்கள்' என்று மாறுகிறது. இதை உங்களுக்காகச் செய்யவில்லை, இறந்துபோன உங்கள் தாய்க்காகச் செய்கிறேன் என்ற பொருளில் பேசுகிறார். தன்னிடமிருந்து அவன் பெற்ற ரத்தத்தைச் சபிக்கிறார். உடல்கள் இரண்டும் ஒன்றாய் ஒட்டிக்கிடக்கும்போது விளி அவர்களைப் பிரிக்கிறது. மகனை அந்நியனாக்கிவிட்டு, அந்த அந்நியனை அவர் தொடர்ந்து சுமக்கிறார். இறுதியில் ஊர் வருகிறது. தன் கழுத்தைப் பிடித்திருந்த மகனின் விரல்களை விடுவித்தபோதுதான் எங்கும் நாய்கள் குரைப்பது அவருக்குக் கேட்கிறது. மகன் இறந்திருக்கக்கூடும். அப்போது அவர் பேசும் கடைசிப் பேச்சில் 'நீ' திரும்பி வருகிறது. அது குறைகூறும் பேச்சுதான். ஆனால் குறை சொல்லப்படுவது மீண்டும் அவருடைய மகனிடம்.

ஆங்கில வாசகருக்கு இந்த இரண்டு திருப்பங்களும் இல்லை. ஜார்ஜ் ஷேட் 1967-ல் செய்த ஆங்கில மொழியாக்கத்தில் தலைப்பே 'நோ டாக்ஸ் பார்க்' என்று சுருங்கியது. 'நாய்கள் எதுவும் குரைக்கவில்லை' என்ற செய்தியாக அது மாறிவிட்டது. மூலத் தலைப்பிலுள்ள வினை 'நீ' வடிவில் அமைந்தது, அதாவது கதையின் பெயரே தந்தை மகனை நெருக்கமாக அழைக்கும் குரல் என்பது அங்கே மறைந்தது. ஆங்கிலத்தை நம்பித் தமிழாக்குபவர் கதை முழுவதும் 'நீ' என்று எழுதினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வாசகருக்குக் கிடைப்பது ஒரு கோபக்காரத் தந்தையின் கதை மட்டுமே.

மூலத்தை அறிந்த பின்னும் தமிழில் இது எளிதல்ல. தமிழ் வீடுகளில் தந்தை மகனை 'வாங்க' என்பது உண்டு, ஆனால் அதில் எள்ளல் ஏறிவிடும். நேரம் கழித்து வீடு திரும்பும் மகனிடம் 'வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?' என்று கேட்கும் தந்தையின் தொனி அது. ரூல்ஃபோவின் கிழவர் நக்கல் செய்யவில்லை. அவர் உறவைத் துறக்கிறார். பேச்சு முறிந்த தமிழ்க் குடும்பங்களில் இந்த விலக்கம் வேறு வகையில் வெளிப்படும். எதிரே நிற்பவனையே படர்க்கையில் வைத்து 'அவன்கிட்டச் சொல்லிடு' என்பார்கள். ஆனால் இந்தக் கதையில் மூன்றாவது ஆள் இல்லை. நிலவும் இரண்டு மனிதர்களும் மட்டுமே. எனவே எள்ளல் ஒலிக்கும் சொற்களைத் தவிர்த்து, வறண்ட 'நீங்கள்' ஒன்றையே பயன்படுத்துவதுதான் பொருத்தமான வழி. முதல் வாக்கியத்தில் வாசகர் திடுக்கிடுவார். மூலத்திலும் அந்தத் திடுக்கிடல் இருக்கிறது.

வேறு இரு மகன்கள்

அதே தொகுதியில் மகன் தந்தையை எப்படி அழைக்கிறான் என்பதும் கதைக்குக் கதை மாறுகிறது. 'திலேஸ் கே நோ மே மாத்தேன்' கதையில், பல ஆண்டுகளுக்கு முன் செய்த கொலைக்காகச் சுட்டுக்கொல்லப்பட இருக்கும் கிழவர் ஹுவென்சியோ, தன் மகன் ஹுஸ்தினோவை அனுப்பி உயிர்ப்பிச்சை கேட்கச் சொல்கிறார். மகன் தயங்குகிறான். அவன் தந்தையை 'நீ' என்றே அழைக்கிறான். இறுதியில் தந்தையின் பிணத்தைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோகும்போதும் அதே 'நீ'யில்தான் பிணத்தோடு பேசுகிறான்.

'பாசோ தெல் நோர்த்தே' கதையில் நிலைமை வேறு. பிழைப்புக்காக அமெரிக்க எல்லையைக் கடக்கப் போகும் மகன், மனைவி மக்களைப் பார்த்துக்கொள்ளும்படி தந்தையிடம் கேட்க வருகிறான். அவன் 'நீங்கள்' என்கிறான், தந்தை 'நீ' என்கிறார். மரியாதை ஒழுங்காக இருக்கிறது, பாசம்தான் இல்லை. தன்னை எந்தத் தொழிலும் கற்றுத்தராமல் விட்டதாக மகன் குற்றம் சாட்டுவதும் அந்த மரியாதை விளியிலேயே நடக்கிறது. எல்லையில் துப்பாக்கிச்சூட்டில் தோழர்களை இழந்து அவன் திரும்பும்போது மனைவி வேறொருவனோடு போயிருக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட செலவுக்காகத் தந்தை அவன் வீட்டை விற்றிருக்கிறார்.

இரண்டு மகன்களையும் தமிழில் 'நீங்கள்' என்று பேசவைத்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். ஹுஸ்தினோவின் 'நீ' மரியாதைக் குறைவு அல்ல. தமிழ்நாட்டின் பல உழவர் குடும்பங்களில் மகன் தந்தையை 'நீ வாப்பா' என்று அழைப்பது இயல்பு. பள்ளிப்படிப்பும் அச்சுத்தமிழும்தான் அதைத் திருத்த வேண்டிய பழக்கமாகக் காட்டின. இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தன் ஊர் வழக்கை நம்பினாலே மூலத்துக்கு நெருங்கிவிடுவார்.

கர்னலின் மனைவி

எல்லா இடத்திலும் 'தூ' என்பதை 'நீ' என்று மாற்றினால் போதும் என்று கொள்ளவும் முடியாது. மார்க்வெஸின் கர்னல் குறுநாவலில் (நூலாக 1961) ஓய்வூதியக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் முதியவரை அவர் மனைவி 'தூ' என்றே அழைக்கிறார். சண்டைச்சேவலை விற்கச் சொல்லி, இனி எதைச் சாப்பிடுவது என்று கேட்டு உலுக்குவதும் அதே விளியில்தான். அங்கே அது கணவன் மனைவிக்கிடையே சாதாரணம். தமிழில் எழுபது வயதுக் கணவரை மனைவி 'நீ' என்றால் அது சாதி, வர்க்கம், வட்டாரம் ஆகியவற்றைக் குறித்த செய்தியாகிவிடும், மூலத்தில் இல்லாத செய்தி. 'நீங்கள்' என்றால் அவரிடம் உள்ள சமநிலை குறையும். இரண்டிலும் இழப்பு உண்டு.

இவ்விரு வகையையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். கதை முழுவதும் மாறாமல் வரும் விளியைத் தமிழ் வழக்குக்கு விட்டுக்கொடுக்கலாம். கதைக்குள் மாறும் விளியை விட்டுக்கொடுக்கக் கூடாது. செர்வாந்தெஸின் தோன் கிஹோத்தே (1605, 1615) நாவலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. வழக்கமாகச் சாஞ்சோவை 'தூ' என்னும் தோன் கிஹோத்தே, சினம் கொள்ளும்போது 'வோஸ்' என்று மாறுவார். மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் ரூல்ஃபோவின் கிழவர் செய்வதும் ஏறத்தாழ அதுதான்.

இந்த 'வோஸ்' இன்று அர்ஜென்டினாவில் நெருக்கமானவரை அழைக்கும் சொல்லாகிவிட்டது. கொர்த்தாசாரின் பாத்திரங்கள் அதில்தான் பேசுகின்றன. தமிழிலும் இடைநிலை விளி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத் தமிழில் 'நீர்' இன்றும் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே புழங்குகிறது. நெல்லை, நாஞ்சில் பேச்சிலும் அதன் வடிவங்கள் உண்டு. அச்சுத்தமிழ் அதைக் கைவிட்டுவிட்டதால் மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தொடுவதில்லை.

எந்த ஊர்த் தமிழ்

ரூல்ஃபோவின் மனிதர்கள் ஹலிஸ்கோ மாநிலத்தின் வறண்ட நிலத்தவர்கள். புரட்சிக்குப் பின் அரசு பிரித்துக்கொடுத்த நிலம் கலப்பை இறங்காத பொட்டலாக இருப்பதைக் கண்டு நடந்துகொண்டே இருக்கும் உழவர்களின் கதையும் அத்தொகுதியில் உண்டு. ஒரே ஒரு மழைத்துளி விழுகிறது, அதையும் மண் குடித்துவிடுகிறது. மானாவாரி நிலத்தில் மேகம் பார்த்து நிற்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இம்மனிதர்களைத் தமிழில் பேசவைக்க இலக்கியத்தில் ஏற்கெனவே நிலைபெற்ற கரிசல் வழக்கையோ கொங்கு வழக்கையோ நாடுவது எளிது. ஆனால் அவை வாசகர் மனதில் கி. ராஜநாராயணனின் கோவில்பட்டியையும் பெருமாள்முருகனின் திருச்செங்கோட்டையும் எழுப்பிவிடும். போச்சம்பள்ளி, நாகரசம்பட்டி பக்கத்துப் பேச்சு அந்த அளவுக்கு இலக்கியச் சுமை ஏறாதது. கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசப்படும் நிலம். தெலுங்கில் 'நுவ்வு', 'மீரு'. கன்னடத்தில் 'நீனு', 'நீவு'. உருதுவில் 'தூ', 'தும்', 'ஆப்' என்று மூன்று. உருதுவின் 'தூ' ஒலியிலும் பொருளிலும் ஸ்பானியத்தின் 'தூ'வேதான். இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. ஓசூர் ஆலைக்குச் செல்லும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரை எந்த மொழியில், எந்த விளியில் அழைப்பது என்று கணத்தில் முடிவு செய்யும் நாகரசம்பட்டி மாணவருக்கு இக்னாசியோவின் தந்தை செய்வது உடனே புரியும். அவர் அந்தக் கதையை எட்டுவதோ, தன்னைச் சுற்றியுள்ள மொழிகளில் இந்த வேறுபாடு இல்லாத ஒரே மொழியான ஆங்கிலத்தின் வழியாக.

ஸ்பானிய மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வரும் ரூல்ஃபோ இதைத் தீர்க்கலாம். அதுவரை ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர்கள் ஸ்பானியப் பிரதியை அருகில் வைத்துக்கொண்டு, உரையாடல் பகுதிகளில் 'உஸ்தெத்' எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு ஸ்பானியம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. இக்னாசியோவின் கதைக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.