வேண்டுதல் அம்மாவுடையது, உடம்பு?

வாடிப்பட்டிப் பக்கம் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் செவ்வாய், வெள்ளி விளக்கு வைத்த பிறகு திருஷ்டி கழிக்க அடுப்பில் மிளகாய் வெடிக்கும். உப்பு, வரமிளகாய், கடுகு, முச்சந்தி மண் ஒரு பிடி. பிள்ளையை மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போடுவார்கள். நெடி வராவிட்டால் பலத்த கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். வந்தால், கொஞ்சமாகப் பட்டிருக்கிறது. எப்படிப் போனாலும் தோற்காத கணக்கு இது என்று பகுத்தறிவுக்காரர் மடக்கிவிடலாம், சுலபம்தான்.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் வேறொன்றும் நடக்கிறது. பெரியாறு பாசன வயலில் நடவுக்கோ மில்லுக்கோ போய்வந்தவள், பகலெல்லாம் மாமியார் கையில் இருந்த பிள்ளையை அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். உச்சியிலிருந்து பாதம் வரை கை இறங்குகிறது. உடம்பு சுடுகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, முதுகில் தடிப்பு ஏதும் உண்டா என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடுகிறது. தூங்கும் முன் நெற்றியில் திருநீறு இடுவதும் அதே ஜாதிதான்.

இந்தப் பக்தி மதம் பார்ப்பதும் இல்லை. பிள்ளை ராத்திரியில் வீறிட்டால் அம்மா பள்ளிவாசல் வாசலில் நின்று, தொழுகை முடித்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்வாள். வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை திருத்தலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். சோழவந்தான் ஜெனகை மாரியம்மனுக்கு வைகாசியில் பால்குடம் நேர்ந்துகொள்வாள். மேடைகளில் முழங்கும் மத நல்லிணக்கத்தைவிட இந்தத் தாய்மார்களின் அலைச்சல் எனக்கு நம்பகமானது.

ஆகவே இதை மூடநம்பிக்கை என்று மொத்தமாகத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டி சொன்னதாலேயே சரி என்பதிலும் இல்லை. நான் கேட்பது ஒன்றைத்தான்: வேண்டிக்கொள்கிறவள் அம்மா, அதன் செலவு யார் தலையில் விழுகிறது?

பால்குடத்திலும் தீச்சட்டியிலும் செலவு அவளுடையது. மொட்டையும் காதுகுத்தும் பிள்ளையின் உடம்பில் நடப்பவைதான். ஆனால் முடி வளர்ந்துவிடும், காது சுத்தமாகக் குத்தினால் ஆறிவிடும். சிக்கல் அதற்கு மேலே போகும்போது வருகிறது. மதுரை மாவட்டத்தின் மறுகோடியில் பேரையூரில், 2002 ஆகஸ்டில் குழிமாற்றுத் திருவிழா நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆழமில்லாத குழிகளில் கிடத்தி, மேலே மண் தள்ளி, சில நொடிகளில் எடுத்தார்கள். செய்தி வெளியே வந்ததும் நாடே அதிர்ந்தது. அந்தப் பெற்றோரைக் கொடூரர்கள் என்று எழுதியவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பிள்ளைகளையே குழியில் வைத்தார்கள். அன்பில் குறைவில்லை. ஆனால் அந்த அன்புக்குப் பணயமானது பிள்ளைகளின் மூச்சு.

திருவிழாவை அதிகாரிகள் தடுக்கலாம். வீட்டுக்குள் நடப்பதை யார் தடுப்பது? பிறந்ததும் நல்ல குணம் வரட்டும் என்று குடும்பத்தில் பெரியவர் நாக்கில் தொட்டு வைக்கும் சேனைத் தண்ணீர், முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய சீம்பாலைத் தள்ளிப்போடுகிறது. கிருமியும் கூடவே போகலாம். சாப்பிட்டது சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுக்கப் போகிற வீடுகளும் உண்டு. நீர்ச்சத்து வற்றிய குழந்தைக்கு அதில் கழியும் அரை நாள் பெரிய இழப்பு. உப்புச் சர்க்கரைக் கரைசல் அங்கன்வாடியில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் மூன்று வாசல் ஏறி இறங்கியிருப்பார்கள்.

அம்மை போட்ட வீட்டில் நல்லதும் கெட்டதும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. வாசலில் வேப்பிலை, தனிப்பாய், தாளிப்பு இல்லாத சமையல், வெளியாள் வரக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடும்வரை பிள்ளை வெளியே போகக்கூடாது. கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் சின்னம்மைக்கு இதைவிடக் கட்டுப்பாடான தனிமைப்படுத்தலை எந்த அரசாணையும் செய்திருக்காது. ஆனால் வந்தது தட்டம்மையாக இருந்தால் நிமோனியாவில் முடியலாம். வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும். ஆத்தா வந்திருக்கும்போது ஊசி ஆகாது என்று உட்கார்ந்திருந்தால் அம்மனே பொறுக்கமாட்டாள். ஒரு விஷயத்தைக் கோயிலுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும்: 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது பெற்றோரைப் பயமுறுத்தியது வாட்ஸ்அப் வதந்தி. பூசாரி அல்ல.

திருஷ்டிக்கு வருவோம். அந்த உப்பு மிளகாயில் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. செலவு பக்கத்து வீட்டுக்குப் போகிறது. நெடி வராத அன்று யார் கண் என்று பேச்சு எழும். பிள்ளையில்லாதவள், புருஷன் இல்லாதவள், காலையில் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவள். தொட்டில் போடும் நாளில் அவர்கள் பின்னால் நிற்பதற்கும், ஆசையாக ஒரு வார்த்தை சொல்லக் கூசுவதற்கும் இந்தப் பேச்சுதான் காரணம். பேரையூருக்கு ஒருநாள் கண்டனம் கிடைத்தது. இதற்கு எந்தப் பத்திரிகையிலும் கண்டனம் வராது, வாரம் இரண்டுமுறை நடந்தாலும்.

அப்பாக்களைப் பற்றி இதுவரை எழுதவில்லை. இந்தப் பட்டியலில் அவர்களுக்கு வேலையே குறைவு. விரதம் இருப்பதும் தீச்சட்டி ஏந்துவதும் அவள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், எந்தச் சாமிக்கு என்ன பாக்கி வைத்தாய் என்று கேட்கப்படுவதும் அவள்தான். திருநீற்றுக் கிண்ணத்தையும் தடுப்பூசி அட்டையையும் அப்பா கையில் கொடுத்துப் பார்க்கலாம்.