காதுக்குக் கேட்காத டேப்பட்

திண்டுக்கல்லில் எந்த ஒர்க் ஷாப்பிலும் "டேப்பட் அடிக்குதுண்ணே" என்று வண்டியை நிறுத்தினால், மெக்கானிக் முதலில் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுப்பார். ஸ்குரூடிரைவர் முனையை ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பவர்களும் உண்டு. பிறகு டேப்பட் மூடியைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, திருகு வால்வைத் தொடும்வரை இறக்கி, ஒரு இழை பின்வாங்கிப் பூட்டுவார். வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் டூல் பாக்ஸின் அடியிலேயே கிடக்கும்.

படிப்பில்லாதவர்கள் பழக்கத்தில் செய்யும் வேலை என்று இதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த முறையில் திருகுகிற பாதி பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எப்போது திருகுவது, எதை வைத்து முடிவெடுப்பது என்கிற பாதிதான் வண்டிகளைக் கெடுக்கிறது.

திருகுகிற பாதியை முதலில் பார்க்கலாம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் உலோகம் நீளுவதற்கு விட்ட இடம் அது. அட்ஜஸ்டர் திருகின் மரை அரை மில்லிமீட்டர் என்றால், தொட்ட இடத்திலிருந்து எட்டில் ஒரு சுற்று பின்வாங்கினால் 0.06 மி.மீ. கிடைக்கும். மெக்கானிக் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவர் மணிக்கட்டுக்கு இந்தக் கணக்கு தெரியும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் சுற்றிக்கொள்ளும் என்பதும் தெரியும். அதற்கும் சேர்த்தே கை நகரும்.

கேஜை விடக் கை மேலாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. பல ஆண்டு ஓடிய வண்டியில் திருகின் முனை வால்வோடு உரசி உரசிக் குழி விழுந்திருக்கும். கேஜின் தகடு தட்டையானது. குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு "சரி" என்று சொல்லிவிடும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருந்தாலும். ராக்கரை ஆட்டிப் பார்க்கும் விரல் அந்தக் கூடுதல் ஆட்டத்தைப் பிடித்துவிடும். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்குக் கம்பெனிக் கையேடே விரல் முறையைத்தான் சொன்னது: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடை விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. திருவொற்றியூரில் 1955 முதல் உருவான வண்டியோடு நம் மெக்கானிக்குகள் கற்ற பாடம் அது.

இனி கெடுக்கிற பாதி. காது கேட்பது லூசான டேப்பட்டை மட்டும்தான். இடைவெளி குறைந்து டைட்டான டேப்பட் சத்தம் போடாது. வால்வு ஒவ்வொரு முறையும் சீட்டில் வந்து அடிக்கிறது, நாளடைவில் சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் ஏறும், தண்டின் முனை ராக்கரை நெருங்கும், இடைவெளி குறையும். காஸில் ஓடும் ஆட்டோக்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் உட்காரும் அந்த நொடிப்பொழுதில்தான் தன் சூட்டை ஹெட்டுக்குத் தள்ளிவிடுகிறது. இடைவெளி இல்லாமல் போனால் அது முழுதாக உட்காராது, சூடு இறங்காது, 600, 700 டிகிரி வாயு அந்தச் சந்து வழியே பீறிட்டு விளிம்பைக் கருக்கிவிடும். அதுவரை வண்டி தையல் மெஷின் மாதிரி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்போதுதான் வண்டிக்காரருக்குச் சந்தேகமே வரும். அதற்குள் ஹெட்டைக் கழற்றும் வேலையாகியிருக்கும்.

இதில் வாடிக்கையாளர்களான நமக்கும் பெரிய பங்கு உண்டு. "சத்தமே வரக் கூடாதுண்ணே" என்று நாம் கேட்கிறோம். மெக்கானிக் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறார், நாம் திருப்தியோடு போகிறோம். அதுவும் சூடான இன்ஜினில். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்கி வந்த வண்டியை அப்படியே ஷெட்டில் விட்டு, அரை மணி நேரத்தில் வேண்டும் என்கிறோம். குளிர்ந்த இன்ஜினுக்குச் சொன்ன அளவு சூட்டில் செல்லாது. அவசரம் நம்முடையதாக இருக்கும்போது மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நம் சுற்றுவட்டாரத்தில் இதன் அடி அதிகம் விழுவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். மேல் என்பது என் எண்ணம். நிலக்கோட்டைப் பூவும் ஒட்டன்சத்திரம் காய்கறியும் அந்த வண்டியில்தான் ஏறுகின்றன. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல்.லுக்கு இப்படி வால்வும் ராக்கரும் கிடையாது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினால் ஓடும். 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தபோது வால்வும் டேப்பட்டும் கூடவே வந்தன. வண்டியின் உருவம் அதேதான், பாரமும் அதேதான், ஓட்டுகிறவரின் பழக்கமும் மாறவில்லை. டேப்பட் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். புல்லட்டிலும் இதே குழப்பம் உண்டு. 2009-ல் அதே கம்பெனியிலிருந்து வந்த கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பட், கை வைக்கவே தேவையில்லை. 2021-ல் வந்த புது கிளாசிக்கிலோ மறுபடி அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். "புல்லட்டுக்கு டேப்பட் வேலை இல்லை" என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேஸ் உலகத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நம் குறை இன்னும் தெளிவாகும். யமஹா ஒய்.எஃப்.இசட். 450ஆர் போன்ற நான்கு சக்கர ரேஸ் குவாடில் திருகே கிடையாது. இன்லெட்டுக்கு 0.10 முதல் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 முதல் 0.25 மி.மீ. இடைவெளி, அதைச் சரிசெய்ய கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி, பட்டன் அளவுள்ள சிம் தகட்டை மாற்ற வேண்டும். விரலாட்டம் அங்கே உதவாது. நம் ஊரில் ஓடும் கே.டி.எம். டியூக் 390-லும் சிம்தான். ரேஸ் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் அளந்த எண்ணை எழுதி வைக்கிறார். வால்வின் மேல்பூச்சு தேய்ந்து, மண் தூசி சீட்டை அரிக்கத் தொடங்கினால் எண்கள் வேகமாகக் குறையும். அதைப் பார்த்தே, இனி சிம் மாற்றிப் பயனில்லை, வால்வையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுக்கிறார். ஒரு முறை அளந்த எண் ஒன்றும் சொல்லாது. போன முறையோடு ஒப்பிட்டால்தான் சொல்லும். நம் ஷெட்டுகளில் இல்லாதது இந்தக் குறிப்புதான். கைத்திறமை இங்கே போதுமான அளவு இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியும் கைக்கணக்கில்தான் அரத்தை ஓட்டுகிறார் என்று இதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் பூட்டில் பிசகினால் சாவி அப்போதே திரும்பாது. வால்வில் பிசகினால் தெரிய மாதக்கணக்காகும். அதற்குள் யார் கை வைத்தார் என்பதே மறந்துபோயிருக்கும்.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முதல் வேலையாக டேப்பட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். திருகுவதற்கு முன் இருந்த அளவு, திருகிய பின் வைத்த அளவு இரண்டையும் பில்லின் பின்பக்கம் கிலோமீட்டரோடு எழுதி வாங்குங்கள். லேசான டிக் டிக் சத்தம் கேட்டால் அதைக் குறையென்று சொல்லித் திரும்ப இறுக்கச் சொல்லாதீர்கள்.