அவையறிதலும் அவையஞ்சாமையும்

கவிஞர் கூடும் அவைகளில் ஒரு பூசல் தவறாது எழுகின்றது. குறை சொன்னவரைப் பண்பற்றவர் என்பார் ஒருவர். வாய்ப்பூட்டுப் போடுகின்றீர்கள் என்பார் மற்றவர். இப்பூசல் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைவத் தமிழுலகை இரு பாசறைகளாக்கிய அருட்பா–மருட்பாப் போர் இதற்குத் தக்க சான்றாகும்.

1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள், தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 'திருவருட்பா' என்னும் பெயரில் நூலாயின. அதன் பகுதிகள் 'திருமுறை' எனப்பட்டன. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயர்களைச் சமகாலத்தவர் பாடல்களுக்குச் சூட்டலாமோ என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பினர் வினவினர். இவ்வினாவில் தவறில்லை என்பதே நம் கருத்து. பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பித்த பேரறிஞர் பெயரின் தகுதியைக் கேட்பது இயல்பே. புதிய பாடலில் அருள் சுரவாது என வரையறுத்தவர் யார் என்னும் எதிர்வினாவும் நேரியதே. இவ்விரு வினாக்களும் எதிரெதிர் அமர்ந்து பேசியிருந்தால், தமிழ்த் திறனாய்வுக்கு அரியதோர் ஏடு கிடைத்திருக்கும்.

நடந்ததோ வேறு. 'அருட்பா' 'மருட்பா' எனப்பட்டது. மறுப்புக்கு மறுப்பு எழுந்தது. பாடலின் சுவையும் பொருளும் பின்தள்ளப்பட்டன. நூலை விட்டு ஆளைப் பற்றினர். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறிற்று. நீதிமன்றம் வசைமொழியை விசாரிக்கலாம். கவிதையை விசாரிக்க அதனால் இயலுமோ? 1874இல் அடிகளும் 1879இல் நாவலரும் மறைந்த பின்னரும் பகை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் மூண்டபோது, இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் சார்பில் நின்று வாதிட்டார். ஒரு நூலுக்காகப் பேசுவதற்குப் பிறந்த பாசறை வேண்டுவதில்லை, கற்ற கல்வியே போதும் என்பதை அவர் காட்டினார்.

வள்ளுவர் 72ஆம் அதிகாரமாக அவையறிதலையும் 73ஆம் அதிகாரமாக அவையஞ்சாமையையும் அடுத்தடுத்து வைத்தார். அவையறியாத துணிவு வசையாகும். துணிவற்ற அடக்கம் முகமன் ஆகும். வசை கவிஞனைப் புண்படுத்தும். முகமனோ அவனை வளரவிடாமல் வைத்திருக்கும். பின்னதன் கேடு மெல்ல வருவதால் நாம் அதனைப் பண்பாடு என்றே எண்ணிவிடுகின்றோம்.

ஆகவே அவைத்தலைவரின் கடமை இரண்டு. சொல் ஆளின்மீது பாயுங்கால் தடுத்தல் வேண்டும். நூலின்மீது பாயுங்கால் விலகி நிற்றல் வேண்டும். முதலாவதை மட்டும் செய்யும் அவையில் அமைதி இருக்கும், கவிதை இராது. இரண்டாவதை மட்டும் செய்யும் அவையில் நாளடைவில் கவிஞரே இரார்.