லயக் காம்பராவும் கணினியின் கண்ணும்

வீட்டினுள் மாந்தர் செய்யும் வினைகளைக் கணினி தானே இனங்காண வேண்டுமாயின், பெயரிட்ட காணொளிகள் அதற்குப் பாடநூலாதல் வேண்டும். 2016இல் வெளிவந்த 'சரேட்ஸ்' அத்தகைய தொகுப்புகளுட் புகழ்பெற்றது. 267 பேர், எழுதித் தரப்பட்ட சிறு கதைகளைத் தத்தம் வீடுகளில் நடித்துப் பதிவுசெய்த 9,848 காணொளிகள் அதிலுண்டு, வினைவகைகள் 157. ஆய்வுகூடத்தை விட்டு வீட்டு வாயிலைக் கடந்தமை அதன் சிறப்பு. அதனை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயின் எவருடைய வீடு? சமையலறை, படுக்கையறை, உணவறை, சலவையறை, கார் நிறுத்தும் அறை என அங்கே இடங்கள் பிரிந்து கிடக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியைத் திறத்தல், சோபாவிற் படுத்தல் என வினைகளும் பெரும்பாலும் பொருளோடு ஒட்டியே பெயர் பெறுகின்றன. தொல்காப்பிய மரபிற் கூறின், இயந்திரம் முதலையும் கருவையும் கண்டு உரியை ஊகிக்கின்றது: அடுப்பிருந்தாற் சமையல், கட்டிலிருந்தால் உறக்கம். வினையை விட்டுப் பின்னணியிற் சாயும் இக்குறையைத் துறைசார்ந்தோரே ஒப்புக்கொண்டுள்ளனர்.

வலப்பனைத் தோட்டங்களின் பழைய லயங்களுக்கு இவ்வூகம் செல்லாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றே பிள்ளைகளின் படிப்புக்கும் சாமிப்படத்துக்கும் இரவுப் படுக்கைக்கும் இடமாகும். சிலவற்றில் அடுப்பும் அங்கேதான், சிலவற்றில் இஸ்தோப்பில். கொழுந்து நிறுத்துவிட்டு மழையில் நனைந்து வந்த தாயொருத்தி அடுப்படியிற் குந்தியிருக்கிறாள். தேநீர் வைக்கிறாளா, குளிர் காய்கிறாளா, நாரி நோவுக்குச் சற்று ஓய்கிறாளா? இடமும் பொருளும் ஒன்றே. வேறுபடுவது உரிப்பொருள் மட்டுமே. உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் எனத் தொல்காப்பியர் இலக்கணத்துள்ளேயே இடம் வைத்தார். சரேட்ஸின் இடப்பகுப்பில் அம்மயக்கத்துக்குப் பெயரில்லை.

இது வெறும் பகுப்புக் குறையன்று. முதியோரைக் காக்கும் பணிக்கே இக்கலை பெரிதும் பரிந்துரைக்கப்படுகின்றது. 2019இல் வெளிவந்த 'டொயோட்டா ஸ்மார்ட்ஹோம்' தொகுப்பு, 18 முதியோரின் 31 வினைகளை, நடிக்கச் செய்யாது, இயல்பாகவே பதிவுசெய்தது. அது மெய்யான முன்னேற்றம். ஆயினும் அவர்கள் உலாவியதும் அறைகள் பிரிந்த வீடொன்றிலேயே. அத்தகைய வீட்டிற் பயின்ற கண், தரையிற் பாய் விரித்துப் படுத்த பாட்டியை வீழ்ந்து கிடப்பவளாகக் கொள்ளக்கூடும்.

பிழை திருத்தப்படலாம், லயத்துக் காணொளிகளும் சேர்க்கப்படலாம். அப்பொழுதும் ஒன்று எஞ்சுகிறது. பல அறை வீட்டிற் படுக்கையறையை விலக்கிக் கமராவைப் பொருத்தலாம். ஒற்றைக் காம்பராவில் அதனை எந்தச் சுவரில் மாட்டினாலும், உடை மாற்றுவதும் அழுவதும் அதன் முன்னாலேயே நிகழும்.