வங்கு வளைவு

தோணியை ரசிப்பவர்களில் பாய்க்காரர்கள் ஒரு கட்சி. மூன்று மரத்திலும் பாய் விரித்துக் காற்றை வாங்கிக்கொண்டு போன அந்தக் காலத்துத் தோணிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது. முன்முனையான அணியத்தின் ஏற்றத்திலும் அதன்மேல் தீட்டிய வண்ணத்திலும் சொக்கிப்போகிறவர்கள் இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனாலும் பலகை அடித்து மூடுவதற்கு முன், அடிமரமான ஏராக்கட்டையின்மேல் விலா எலும்புபோல வங்குகள் மட்டும் வரிசையாக எழுந்து நிற்கின்றனவே, அந்தச் சில வாரங்களில்தான் தோணி முழு அழகோடு இருக்கிறது என்பேன். அப்போது நடுவே நின்று பின்முனையான அமரத்திலிருந்து அணியம் வரை ஒருமுறை கண்ணை ஓட்டிப் பாருங்கள். இது சுமைக்குக் கட்டியதா, விரைவுக்குக் கட்டியதா, எந்த ஆழத்துக்குப் பொருந்தும், எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

நல்ல வங்கு அறுத்து எடுப்பதல்ல, தேடி எடுப்பது. நாட்டுக் கருவேலத்திலோ வேம்பிலோ பூவரசிலோ கிளை பிரிகிற கவட்டில் மரம் தானாகவே ஒரு வளைவு கொடுத்திருக்கும். அங்கே நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். நேர்க்கட்டையில் அதே வளைவை அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடும். சரக்கேற்றிய தோணியை அலை முறுக்கும்போது முதலில் பிளப்பது அந்த இடம்தான். வாய்ச்சியால் செதுக்கிய வங்கின் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் நார் எங்கும் அறுபடாமல் தோளிலிருந்து அடிவரை இறங்குவது கையிலேயே தெரியும். ரம்பத்துக்கு அந்த ஓட்டம் ஒரு பொருட்டல்ல. வாய்ச்சி அதைத் தொட்டுத் தொட்டுத்தான் போகும்.

தூத்துக்குடியில் படகு கட்டும் முதிய ஓடாவி ஒருவரோடு நடந்துபோன மாலை நினைவுக்கு வருகிறது. சாலையோரத்துப் பூவரசின் முன் நின்றுவிட்டார். "அந்தா பாருங்க, அணியத்து வங்கு ஒண்ணு நிக்குது" என்றார். எனக்குக் கிளையும் இலையும்தான் தெரிந்தன. கையை உயர்த்திக் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த மரத்தை என்னால் வெறும் மரமாகப் பார்க்க முடியவில்லை.

கேரளத்துப் பேப்பூர் போய் உரு என்கிற மரக்கலத்தைப் பார்த்து வந்த நண்பர்கள், வங்குக்கே முதலிடம் என்பதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். அங்கே பலகை முன்னே, வங்கு பின்னே. பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து உடலை எழுப்பிக்கொண்டு, அதன் உள்வளைவுக்கு ஏற்ப வங்கைச் செதுக்கிப் பொருத்துகிறார்கள். வரைபடம் இல்லாமல் கண்ணளவிலேயே அவ்வளவு பெரிய கலத்தை எழுப்புவது பெருந்திறமை. அதை யார் மறுப்பார்? ஆனால் அங்கே வங்கு பலகைக்குப் பணிந்து வருகிறது. எனக்குப் பிடித்தது, வங்கு சொல்ல, பலகை கேட்கிற கட்டுமானம்.

அதற்கு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைப் படகைத்தான் காட்டுவேன். ஆழம் குறைந்த பாக் நீரிணைக்கென்று அடிதட்டையாகக் கட்டியது. நடுப்பகுதியில் வங்குகள் ஒரே அளவு. முனைகளை நெருங்க நெருங்க அகலம் குறையும், அடி மெல்ல மேலேறும். எந்த வங்கில் எவ்வளவு குறைய வேண்டும் என்பதை ஓடாவி ஒரு பலகையில் கீறிய கோடுகளிலிருந்து எடுப்பார். கணக்கு என்றால் அழகு போய்விடும் என்று நினைப்பவர்கள், அடுத்தடுத்த இரண்டு வங்குகளுக்கு இடையே அந்தக் குறைச்சல் எவ்வளவு சன்னமாக நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சங்கீதத்தில் நல்ல கமகம் கேட்பது போல இருக்கும். ஷான் மெக்ரெயிலும் சக ஆய்வாளர்களும் 2003இல் கொண்டுவந்த தெற்காசியப் படகுகள் பற்றிய நூலில் இந்த முறையை மத்தியதரைக் கடலோரத்து இடைக்காலக் கப்பல்கட்டும் முறையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நம்மூரில் வத்தையை மீன்பிடிக்கிற சாமானாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம்.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். மாலுமிகளின் துணிவையும் கப்பலை வாங்கிய அமெரிக்கர் ராபின்சனையும் பற்றிப் பேச்சு உண்டு. அட்லாண்டிக் அலையைப் பலகைக்குப் பின்னால் நின்று தாங்கிய வேப்ப மரத்தைப் பற்றி இரண்டு வரி பேச ஆள் இல்லை.

இப்போதைய பட்டறைகளில் கவட்டு மரம் வருவது அரிது. மரக்கடையில் கிடைப்பதெல்லாம் சதுரித்த நேர்க்கட்டை. வளைந்த கிளையை விறகுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மூன்று துண்டை அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, போல்ட் போட்டு முடுக்கி, அதை வங்கு என்கிறார்கள். மூடிய பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். உப்புத் தண்ணீர் பார்க்கும். போல்ட் ஓட்டையில் இறங்கி, முதலில் இரும்பைத் துருவாக்கி, பிறகு அதைச் சுற்றியிருக்கிற மரத்தைக் கருக்கி உளுக்கவைத்துவிடும்.