லிட்மஸ் தாளும் 'மிஸ்டர் பிக்'கும்

நீல லிட்மஸ் தாளை நாம் நம்புவது ஏன்? அமிலத்தில் அது சிவக்கிறது என்பதனால் மட்டுமன்று. வெறும் தண்ணீரில் சிவப்பதில்லை என்பதனாலும்தான். எதில் நனைத்தாலும் சிவக்கும் தாளால் என்ன பயன்? கனடா நாட்டுப் போலீசார் கையாளும் 'மிஸ்டர் பிக்' என்னும் துப்பறியும் முறையை இந்த நோக்கில் ஆராய்வோம்.

1990களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் உருவான முறை இது. சான்று கிடைக்காத கொலை வழக்குகளில், போலீசார் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல், ஒரு குற்றக் கூட்டத்தினராக நடித்துச் சந்தேகத்துக்குரியவரோடு பழகுவர். வேலையும் பணமும் தருவர். இறுதியில் கூட்டத்தின் 'தலைவர்' அவரை விசாரிப்பார். பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டால் கூட்டத்தில் இடமுண்டு. பொய் சொன்னால் இடமில்லை. 'நான் செய்யவில்லை' என்றாலோ, அதுதான் பொய்!

2002ஆம் ஆண்டு நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர் ஏரியில் மூன்று வயது இரட்டைப் பெண் குழந்தைகள் மூழ்கி இறந்தனர். போலீசார் தந்தையைச் சந்தேகித்தனர். அவர் அரசு உதவித்தொகையில் பிழைத்தவர். மனைவியைத் தவிர நெருங்கிய துணை இல்லாதவர். 2005இல் நான்கு மாத காலம் அவருக்காக 63 காட்சிகள் நடிக்கப்பட்டன. அவர் கைக்கு 15,000 டாலருக்கு மேல் வந்தது. மொத்தச் செலவோ நான்கு இலட்சம் டாலரைத் தாண்டியது. தமக்கு வலிப்பு கண்டதால் நேர்ந்த விபத்து என்றே 'தலைவரி'டம் அவர் முதலில் கூறினார். தலைவர் அதை ஏற்கவில்லை. அதன் பிறகே, தாம் கொன்றதாகச் சொன்னார். எப்படித் தள்ளினீர் என்றபோது தோளால் என்றார். ஏரிக்கரையில் நடித்துக் காட்டியபோதோ முழங்காலால் தள்ளிக் காட்டினார். 2007இல் அவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

மானிடோபா மாநிலத்தில் 1990இல் நடந்த ஒரு கொலையிலும் இத்தகைய ஒப்புதலே பெறப்பட்டது. ஒப்புக்கொண்ட இளைஞர் காட்டிய பாலம், கொலை நடந்த நாளில் கட்டப்படவே இல்லை! எனினும் 1992இல் தண்டிக்கப்பட்ட அவர் குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பானது 2009இல்தான்.

இந்த முறையில் வழக்குத் தொடரப்பட்டோரில் நூற்றுக்கு 95 பேர் தண்டிக்கப்பட்டதாகக் கனடாவின் தேசியப் போலீசார் பெருமையுடன் கூறிவந்தனர். தாள் எத்தனை முறை சிவந்தது என்பதற்கு அது கணக்கு. அமிலம் இருந்ததா என்பதற்கு அன்று.

அப்படியானால் முறை முழுவதும் வீணா? இல்லை. மாக் என்னும் வழக்கில், ஒப்புக்கொண்டவர் காட்டிய இடத்திலேயே இறந்தவரின் எலும்புத் துண்டுகளும், குற்றவாளியின் துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட தோட்டா உறைகளும் கிடைத்தன. போலீசார் அறியாதிருந்ததை அந்த ஒப்புதல் காட்டிக்கொடுத்தது. ஏரி வழக்கில் அப்படி ஒன்றுமே கிடைக்கவில்லை.

2014இல் கனடா உச்ச நீதிமன்றம் ஏரி வழக்கின் ஒப்புதலைத் தள்ளியது, தந்தை விடுதலையானார். இனி இத்தகைய ஒப்புதல்கள் நம்பத்தக்கவை என்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது என்று நீதிபதி மோல்டேவர் எழுதினார். நல்ல தீர்ப்பே. ஆயினும், ஒப்புதலை உறுதிசெய்யும் தனிச் சான்று எல்லா வழக்கிலும் கட்டாயமன்று என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தக் கதவையும் அடைத்திருக்கவேண்டும் என்பது நம் கருத்து.